வட துருவப் பழங்குடி மக்களின் பழைய முகப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட துருவத்தை ஒட்டி வாழும் மக்களின் நூறு, நூற்றைம்பது வருடத்துப் படங்கள் இணையத்தில் சுற்றும்போதெல்லாம் ஒரே மாதிரிச் சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். சுலபமானவை முதலில், வில்லங்கமானவை போகப் போக.

1. இதெல்லாம் யாரோட படங்கள்? எந்தக் காலத்துல எடுத்தது?

கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்காவில் வாழும் இனுவிட், யூப்பிக் மக்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா நான்கின் வடகோடியில் வாழும் சாமி மக்கள். சைபீரியாவின் சுக்சி போன்றவர்கள். காலம் ஏறத்தாழ 1850களில் தொடங்கி 1930கள் வரை.

திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சில உண்டு. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி எட்வர்ட் இங்கில்ஃபீல்ட் 1854-இல் கிரீன்லாந்தில் எடுத்தவை இப்போது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுவீடனின் லோட்டன் ஃபான் டூபன் 1868, 1871 இரண்டு பயணங்களில் சாமி மக்களை எடுத்தார். டென்மார்க்கைச் சேர்ந்த சோஃபுஸ் ட்ரோம்ஹோல்ட் 1882-83-இல் நார்வேயின் கௌத்தொகேய்னோவில் எடுத்தார். நெப்போலியன் வம்சத்து இளவரசர் ரோலான் போனபார்ட் 1884-இல் ஒரு குழுவோடு அதே வட்டாரத்துக்குப் போனார். ஹட்சன் விரிகுடாவின் ஃபுல்லர்ட்டன் துறைமுகத்தில் 1904-05-இல் எடுத்தவர் ஜெரால்டின் மூடி. எட்வர்ட் கர்ட்டிஸ் அலாஸ்காவின் இனுவிட், யூப்பிக் ஊர்களுக்குப் போனது 1927-இல்.

2. எஸ்கிமோ, லாப்னு எழுதலாமா? "சாமி"ன்னா நம்ம கோயில் சாமியா?

கோயில் சாமி இல்லை. அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் அது. தமிழில் எழுதும்போது ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். குழப்பம் வராமல் இருக்க "சாமி மக்கள்" என்று எழுதுங்கள்.

"லாப்" என்பது வெளியார் வைத்த பெயர், சாமி மக்கள் அதை இழிசொல்லாகவே கொள்கிறார்கள். "எஸ்கிமோ"வை கனடாவிலும் கிரீன்லாந்திலும் விட்டொழித்தாயிற்று. ஆனால் பழைய படத்தின் மூலக் குறிப்பில் அந்தச் சொல் இருந்தால் அழிக்காதீர்கள். மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்து, உங்கள் வார்த்தையைத் தனியாக எழுதுங்கள். ஏன் என்பது 13-ஆம் கேள்வியில்.

3. அவ்வளவு குளிர்ல கேமரா எப்படி வேலை செஞ்சுது?

ஆரம்பக் காலப் படங்களில் முக்கால்வாசி குளிரில் எடுத்தவையே அல்ல. கப்பல்கள் வடக்கே போனதும் ஆய்வாளர்கள் பயணம் கிளம்பியதும் கோடையில்தான். 1850கள், 60கள், 70களின் முகப்படங்களில் பின்னணியைப் பாருங்கள்: பாறை, புல், மரப்பலகைச் சுவர், கூடாரத் துணி. பனி அபூர்வம். கண்ணாடித் தகட்டில் ஈரம் காயுமுன் படமெடுக்கும் அன்றைய ஈரத்தகட்டு முறைக்குத் தண்ணீர் தண்ணீராகவே இருக்க வேண்டும் என்பது முக்கியக் காரணம்.

பனிக்காலப் படங்கள் பெருகியது உலர் தகடு, அதாவது முன்கூட்டியே ஜெலட்டின் மருந்து பூசிக் காயவைத்த கண்ணாடி, கடையில் கிடைக்கத் தொடங்கிய 1880களுக்குப் பிறகு.

4. ஈரத்தகட்டு முறைன்னா என்ன? கொஞ்சம் படிப்படியா சொல்லுங்க.

கண்ணாடியை நன்றாகத் துடைத்து, ஒரு மூலையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு கொலோடியனை ஊற்றுவார்கள். ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த நைட்ரோ செல்லுலோஸ், கூடவே அயோடைடு, புரோமைடு உப்புகள்: அதுதான் கொலோடியன். தகட்டைச் சாய்த்து நான்கு மூலைக்கும் ஓடவிட்டு மிச்சத்தைக் குப்பியில் வடித்துவிட வேண்டும். பிசுபிசுப்பாக இறுகியதும் இருட்டில் சில்வர் நைட்ரேட் தொட்டிக்குள் மூன்று நிமிடம் போல முக்கினால் தகடு ஒளிக்கு உணர்வுபெறும். ஈரம் காய்வதற்குள், சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்குள், படம் எடுத்து, படத்தைத் தெரியவைக்கும் அயர்ன் சல்பேட் டெவலப்பரை ஊற்றி, கழுவி, இனி ஒளி பட்டாலும் மாறாதபடி ஃபிக்ஸ் பண்ணி முடித்திருக்க வேண்டும். ஆகவே இருட்டறையும் கூடவே பயணம் செய்யும். கூடாரமோ கப்பல் அறையோ, ஏதாவது ஒன்று.

குளிர் இதில் பல இடங்களில் கை வைக்கும். ஈதர் மெதுவாக ஆவியாகும். வழக்கமான கணக்கில் அவசரப்பட்டு முக்கினால் படலம் கோடு விழும், சில சமயம் உரிந்தே வரும். தொட்டி குளிர்ந்தால் தகட்டின் வேகம் குறையும், டெவலப்பர் மந்தமாகும். ஒரே ஒரு நன்மை: தகடு காய நேரமாகும், வெயில் நாட்டைவிடக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். ஃபிக்ஸ் பண்ண இரண்டு வழி இருந்தது, ஹைப்போ (சோடியம் தையோசல்பேட்) அல்லது பொட்டாசியம் சயனைடு. ஹைப்போ போகப் பல தடவை கழுவ வேண்டும். சயனைடு கொஞ்சம் தண்ணீரிலேயே போய்விடும். பனியை உருக்கித் தண்ணீர் சேர்க்க வேண்டிய இடத்தில் அந்த வித்தியாசம் பெரிது. கொடிய விஷம் என்று தெரிந்தும் பலர் சயனைடையே நாடியதற்கு இது ஒரு காரணம்.

5. உலர் தகடு வந்ததும் எல்லாம் சுலபமாயிடுச்சா?

வேதிப்பொருள் சுமை குறைந்தது, கண்ணாடிச் சுமை அப்படியே இருந்தது. 13 × 18 செ.மீ. அளவில் 2 மி.மீ. கனமுள்ள ஒரு தகடு கிட்டத்தட்ட 117 கிராம். நூறு தகடு எடுத்தால் பெட்டி சேர்க்காமலே 12 கிலோவை நெருங்கும். கலைமான் இழுக்கும் சறுக்கு வண்டியில் அது குலுங்கிக் குலுங்கி வர வேண்டும்.

குளிரின் தொல்லை வடிவம் மாறியது. ஷட்டரின் எண்ணெய் கெட்டியாகி, 1/25 நொடி என்று வைத்தது இன்னும் நீளும். அதனால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு உலர்வாகவே ஓட்டுவார்கள். போகஸ் பார்க்கும் கண்ணாடியில் மூச்சு பட்டால் அந்த இடத்திலேயே உறைபனி. கேமராவின் மடிப்புத் துருத்தித் தோல் விறைத்து மடிப்பில் வெடிக்கும், அந்த ஓட்டை வழியாக ஒளி கசியும். வெளியே இருந்த கேமராவைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும்; அதை மறுபடி வெளியே எடுத்தால் அந்த நீர் பனிக்கட்டி. ஆகவே கேமராவை வெளியிலேயே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கழுவும்போது இன்னொன்று. ஹைட்ரோகுயினோன் சேர்ந்த டெவலப்பர் 12-13 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய தூங்கிவிடும். படம் வெளுத்து, மாறுபாடு இல்லாமல் வரும். பின்னாளில் செல்லுலாய்டு சுருள் வந்தபோது வறண்ட குளிரில் அது நொறுங்கியது. வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரப் பொறி பறந்து, கிளை விட்ட மரம் மாதிரி கோடுகள் படத்தில் பதிந்தன. அதை மின்னல் என்று நினைத்து எழுதியவர்களும் உண்டு.

6. ஏன் ஒருத்தர் கூட சிரிக்கல? கண்ணை வேற இடுக்கிட்டு இருக்காங்களே?

ஈரத்தகட்டுக்கு வெட்டவெளியிலேயே சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். சிரிப்பை ஐந்து நொடி அப்படியே பிடித்துப் பாருங்கள், பல்வலி மாதிரி ஆகிவிடும். தவிர, அன்று லண்டனிலும் யாரும் கேமரா முன் சிரிக்கவில்லை; படம் என்றால் விறைப்பாக இருப்பதுதான் மரியாதை. இறுக்கமான முகத்தை வைத்து "சோகமான இனம்" என்று கதை கட்டுவது அபத்தம்.

கண் இடுங்கியிருப்பது பெரும்பாலும் ஒளியால். பனியும் தண்ணீரும் ஒளியைக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். விவரம் தெரிந்தவர்கள் மேகமூட்டமான நாளுக்குக் காத்திருந்தார்கள், அல்லது சுவர் நிழலில் உட்காரவைத்துப் பின்னால் துணி கட்டினார்கள். கண் நன்றாகத் திறந்து, பின்னணியும் ஒரே சீராக இருந்தால் அப்படி எடுத்த படமாக இருக்கலாம்.

7. உடை உண்மையிலேயே கறுப்பு வெள்ளையா? என்ன நிறம்னு படத்துல இருந்து சொல்ல முடியுமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். கொலோடியன் தகட்டுக்கும், சாயம் சேர்க்காத ஆரம்ப ஜெலட்டின் தகட்டுக்கும் கண்ணில் படுவது நீலமும் புற ஊதாவும்தான். நீலம் வெளுத்து, வெள்ளையாகவே பதியும். சிவப்பும் மஞ்சளும் கறுக்கும். பச்சை, மஞ்சளுக்கு உணர்வுள்ள தகடுகள் கடைக்கு வந்தது 1880களில். சிவப்பையும் பார்க்கும் தகடு வர 1900கள் ஆயிற்று.

கௌத்தொகேய்னோ வட்டாரத்தின் காக்தி என்ற மேலுடையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலக் கம்பளித் துணி, ஓரத்தில் சிவப்பு மஞ்சள் பட்டிகள். பழைய படத்தில் இது வெளிறிய சட்டையில் கறுப்புப் பட்டி வைத்தது போலத் தெரியும். நேரில் கண்ணைப் பறிக்கும் உடை, தகட்டில் துக்க உடை. ஆனால் வெளிறிய துணி எல்லாம் நீலம்தான் என்றும் சொல்லிவிட முடியாது, சாயம் போடாத கம்பளியும் அப்படித்தான் பதியும்.

மேற்கு கிரீன்லாந்துப் பெண்கள் உச்சிக்கொண்டையில் கட்டிய நாடா இன்னும் சிக்கல். மணமாகாதவருக்குச் சிவப்பு, மணமானவருக்கு நீலம், கைம்பெண்ணுக்குக் கறுப்பு, மணமாகாமல் தாயானவருக்குப் பச்சை என்பது வழக்கம். நீலத்தை மட்டும் பார்க்கும் தகட்டில் மணமானவரின் நாடா வெளுப்பாக வரும், சரி. சிவப்பும் கறுப்பும் ஒன்றுபோலவே கறுப்பு! கல்யாணமாகாத பெண்ணையும் கணவனை இழந்தவரையும் அந்தப் படம் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

8. முகம் இவ்வளவு கறுப்பா, சுருக்கமா இருக்கே. வெயில் பனியில அடிபட்டதாலயா?

பாதிதான். காற்றிலும் பனி ஒளியிலும் சிவந்த தோலை, மேலே சொன்ன காரணத்தால், அந்தத் தகடு உண்மையைவிடக் கறுப்பாகக் காட்டும். மச்சம், தேமல், சுருக்கம் எல்லாம் ஆழமாகப் பதியும். முப்பது வயதுக்காரர் ஐம்பது போலத் தெரிவார். இதே படங்களை வைத்துத்தான் அன்று தோல் நிறத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

இன்னொன்று, பச்சை குத்துதல். இனுவிட் பெண்கள் நெற்றியிலும் தாடையிலும் குத்திக்கொண்ட கோடுகளுக்குக் ககினீத் என்று பெயர். புகைக்கரியால் குத்தியது தோலுக்கடியில் நீலம் தட்டும். நீலம் தகட்டில் மங்கும். கோடு தெரியவில்லை என்பதால் குத்திக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

9. ஏஐ வச்சு கலர் பண்ணின படங்கள் வருதே, நம்பலாமா?

வேண்டாம். அந்த மென்பொருளுக்கு வெளிறியது வெளிறியதுதான், கறுத்தது கறுத்ததுதான். நீல காக்தியைப் பழுப்பு வெள்ளையாக்கி, சிவப்புப் பட்டியைக் கரும்பழுப்பாக்கி, முகத்துக்கு இன்னும் கொஞ்சம் கறுப்பு சேர்த்துத் தரும். அருங்காட்சியகத்தில் உள்ள அதே ஊர், அதே காலத்து உடையை வைத்து ஒருவர் கையால் வண்ணம் தீட்டியிருந்தால் அது வேறு விஷயம்.

10. ஒரே ஆளை நேராவும் பக்கவாட்டுலயும் ஏன் எடுத்திருக்காங்க? கைதி மாதிரி இருக்கு.

அளவெடுக்க. மனிதர்களை "இன வகை"களாகப் பிரிக்க முடியும் என்று நம்பிய காலம் அது. 1869 வாக்கில் லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லி, ஜான் லாம்ப்ரி இருவரும் இதற்கு முறைகள் வகுத்தார்கள். லாம்ப்ரியின் முறையில் பின்னால் இரண்டு அங்குலக் கட்டங்களாக நூல் கட்டியிருக்கும். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம் ஊர் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தது இந்தச் சிந்தனையின் இன்னொரு கிளை.

போனபார்ட் குழுவின் 1884 முகப்படங்கள் பெரும்பாலும் இந்த வகை. லோட்டன் ஃபான் டூபனின் கணவர் குஸ்தாஃப் உடற்கூறியல் பேராசிரியர், மண்டையோடுகளைச் சேர்த்து ஆராய்ந்தவர். லோட்டனின் படங்களிலும் நேர்-பக்கவாட்டு ஜோடிகள் உண்டு. 1922-இல் சுவீடன் அரசே உப்சாலாவில் இன உயிரியல் நிறுவனம் தொடங்கி, ஹெர்மன் லுண்ட்போர்க் தலைமையில் சாமி மக்களை ஆயிரக்கணக்கில் படமெடுத்தது.

11. கேமரா உயிரை உறிஞ்சிடும்னு அவங்க பயந்தாங்களாமே? அவங்க சம்மதம் வாங்கினாங்களா?

உலகத்தில் எந்தப் பழங்குடியைப் பற்றியும் சொல்லப்படும் கதை அது. யார், எங்கே, யாரிடம் சொன்னார் என்ற விவரம் இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். தயங்க உருப்படியான காரணங்கள் இருந்தன. 1852-இல் கௌத்தொகேய்னோவில் சாமி மக்கள் நடத்திய கிளர்ச்சிக்காக அஸ்லாக் ஹேத்தா, மொன்ஸ் சொம்பி இருவரும் 1854-இல் தலை வெட்டப்பட்டார்கள். அவர்களின் மண்டையோடுகள் உடற்கூறியல் சேகரிப்புக்குப் போய், 1997-இல்தான் திரும்பி வந்து அடக்கம் செய்யப்பட்டன. ட்ரோம்ஹோல்ட் அங்கே கேமரா வைத்தது தலை வெட்டி முப்பது வருடம்கூட ஆகாதபோது. "தலையை அளக்கணும், கொஞ்சம் உட்காருங்க" என்று ஒருவர் வந்து கேட்டால் அந்த ஊரில் என்ன தோன்றியிருக்கும்?

இன்றைய அர்த்தத்தில் சம்மதம் வாங்கவில்லை. கேட்டவர் யார் என்று பாருங்கள்: ஆய்வாளர், பாதிரியார், வணிகர், போலீஸ். ஜெரால்டின் மூடி நல்ல கலைஞர். மணிவேலைப்பாடு செய்த அமவுத்தி என்ற பெண்கள் மேலங்கியில் அவர் எடுத்த பெண்கள் கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். ஆனால் அவர் கணவர்தான் அங்கிருந்த போலீஸ் முகாமின் தலைவர். அதேசமயம், படத்துக்காக நல்ல உடை உடுத்தி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் கட்டாயமும் விருப்பமும் எந்த விகிதத்தில் என்பதைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

12. இது ஸ்டுடியோல எடுத்ததா, வெளியிலயா? இடம் வலம் மாறியிருக்குமா? எந்த வருஷம்னு எப்படித் தெரியும்?

முதலில் கண்மணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். சதுரமாக, பக்கவாட்டில் இருந்தால் ஜன்னலோ ஸ்டுடியோக் கண்ணாடியோ. மேல்பாதி முழுக்க வெளுத்திருந்தால் திறந்த வானம். கீழேயும் வெளுப்பு இருந்தால் பனி. அடுத்து காலடி: பனிபோல் விரித்த துணியின் மடிப்பு, பலகைத் தரை, பொய்ப்பாறை. அலாஸ்காவின் நோம் நகரில் லோமன் சகோதரர்கள் போன்ற ஸ்டுடியோக்கள் அஞ்சலட்டைக்காகவே நிறைய எடுத்தன. கனத்த ரோம உடை, ஆனால் தலைமயிரில் உறைபனி இல்லை, பின்னணி மங்கல் ஓவியம் என்றால் சந்தேகப்படலாம்.

நெகடிவிலிருந்து அச்சடிக்காமல் தகட்டிலேயே படம் வரும் டின்டைப், அம்ப்ரோடைப் என்ற நேரடி வகைகளில் இடம் வலம் மாறித்தான் பதியும். கண்ணாடி நெகடிவைத் தவறான பக்கம் வைத்து ஸ்கேன் செய்தாலும் அதே கதை. மங்கலான, பளபளப்பில்லாத பக்கம்தான் படலம் இருக்கும் பக்கம்.

காலத்துக்கு: நெகடிவின் ஓரத்தில் படலம் கோணல்மாணலாக ஓடி, ஒரு மூலை வெறுமையாக இருந்தால் அது 4-ஆம் கேள்வியில் சொன்ன கட்டைவிரல் மூலை, கொலோடியன். ஓரம்வரை சீராக இருந்து, விளிம்பில் நீல வெள்ளிப் பளபளப்பு ஏறியிருந்தால் ஜெலட்டின், 1880க்குப் பின். மெல்லிய தாளில் மஞ்சள் ஏறி, நுண்ணிய வெடிப்புகளோடு இருந்தால் ஆல்புமின் பிரிண்ட், அநேகமாக 1895க்கு முன். அஞ்சலட்டையின் தபால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே நெகடிவைப் பல வருடம் அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

13. எல்லாத்துலயும் "எஸ்கிமோ பெண்", "லாப் ஆண்"னுதான் இருக்கு. பேரே இல்லையா?

இருந்திருக்கும். எடுத்தவர் எழுதவில்லை, அல்லது அருங்காட்சியகம் அட்டை எழுதும்போது விட்டுவிட்டது. வடதுருவ வானில் தெரியும் அரோரா ஒளியை ஆராய வந்த ட்ரோம்ஹோல்ட் அதைப் படமெடுக்க முடியாமல் போய் மனிதர்களை எடுத்தார், பெயரையும் குறித்தார். அந்தத் தொகுப்பு பெர்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலிலும் உண்டு. விசித்திரம் என்னவென்றால், அளவெடுக்கப் போன போனபார்ட் குழுவும் பெயரும் வயதும் எழுதிவைத்தது. எண்ணோடு ஒட்டுவதற்காக எழுதிய அந்தப் பெயர்களை வைத்துத்தான் இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டன்மாரைத் தேடி எடுக்கிறார்கள்.

கனடாவில் பெயர்ச் சிக்கல் இன்னும் கடுமை. திமிங்கில வேட்டைக்காரர்கள் வாய்க்கு வந்த பட்டப்பெயர் வைத்தார்கள். ஃபுல்லர்ட்டனில் பலமுறை படமெடுக்கப்பட்ட நிவியாட்சினாக் என்பவர் "ஷூஃப்ளை" என்றே பதிவானார். 1940களில் அரசு ஒவ்வொரு இனுவிட்டுக்கும் எண் பொறித்த வட்டு கொடுத்தது. கிழக்கே ஈ, மேற்கே டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும் எண். 1970கள்வரை பல ஆவணங்களில் மனிதருக்குப் பதில் அந்த எண்தான். இதைச் சரிசெய்ய 2000களின் தொடக்கத்தில் கனடாவின் தேசிய நூலக ஆவணக் காப்பகம் "பெயர் சூட்டும் திட்டம்" தொடங்கியது. வட கனடாவில் இனுவிட் மக்கள் வாழும் நுனாவுட் பகுதியின் இளைஞர்கள் மடிக்கணினியில் படங்களை எடுத்துப் போய் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினார்கள். மூலக் குறிப்பை அழிக்காதீர்கள் என்று 2-இல் சொன்னது இதற்குத்தான்: தப்பான சொல்லாக இருந்தாலும், எந்த நெகடிவ், எந்தப் பயணம் என்று பிடிக்க அந்த வரிதான் கயிறு.

14. அவங்களே எடுத்த படம் எதுவும் இல்லையா?

உண்டு. கிரீன்லாந்துக்காரரான ஜான் மோலர் (1867-1935) நூக் நகரில் தொழில்முறைப் புகைப்படக்காரராக இருந்தார். கனடாவின் கின்ஙாய்த் பகுதியில் பீட்டர் பிட்சியோலாக் 1940களில் தன் மக்களை எடுத்தார். பழைய குளிர்கண்ணாடியை ஃபில்டராக்கி, டார்ச் விளக்கில் சிவப்புத் துணி சுற்றி, மனைவி அகியோக்கோடு சேர்ந்து பனிவீட்டிலேயே கழுவினார். வெளியாள் எடுத்தவற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்காரும் விதமே வேறு.

15. காப்புரிமைதான் எப்பவோ முடிஞ்சிருச்சே, நான் பகிரலாமில்ல?

சட்டப்படி பெரும்பாலும் தடையில்லை. ஆனால் 10-ஆம் கேள்வியில் சொன்ன வகைப் படங்களில் சிலவற்றில் உடை களையவைத்து எடுத்திருக்கிறார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களின் வாரிசுகள் இன்றும் அதே ஊர்களில் வாழ்கிறார்கள். அத்தகையவற்றைப் பகிராதீர்கள், காப்பகமே முடக்கி வைத்திருந்தால் வேறெங்கிருந்தோ எடுத்துப் போடாதீர்கள். வெட்டுவதும் கூடாது: முகத்தை மட்டும் வெட்டியெடுத்தால் ஓரத்தில் எழுதிய எண்ணும் பெயரும் போய்விடும்.

குறிப்பு இந்த வரிசையில் இருந்தால் போதும்: "பெயர்: பதிவில் இல்லை. மூலக் குறிப்பு: ‘லாப் பெண், பக்கவாட்டு’. இடம், ஆண்டு. எடுத்தவர். காப்பகம், தகட்டு எண். நிறம்: மூலத்தில் இல்லை." பெயர் இருந்தால் அதுதான் முதல் சொல்லாக வர வேண்டும், எடுத்தவர் பெயருக்கு முன்னால். யாராவது வந்து "இது எங்கள் கொள்ளுப்பாட்டி" என்று சொன்னால், அவர் சொல்லும் பெயரை அவர் எழுதும் எழுத்துக்கூட்டலிலேயே சேருங்கள். தகட்டு எண்ணோடு அதைக் காப்பகத்துக்கும் அனுப்பிவையுங்கள், அங்கே அட்டையைத் திருத்துவார்கள்.